மலை வீதிக்கு ஒரு பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட்

இலங்கையில் ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், அதற்கு வெளியே 70, அதிவேக வீதியில் 100. சட்டம் விடுவது இவ்வளவுதான். திகனையில் இருந்து காலையில் கண்டிக்கு இறங்குகிறவருக்கு அந்த 70 கூட வாய்ப்பது அரிது. அப்படியிருக்க 140 குதிரைவலு கொண்ட ஒரு சின்னக் காரை, அதுவும் இன்னொருவர் ஓட்டிய காரை, தினசரிப் பாவனைக்கு எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீற்றரில் மேடு ஏறும்போதுதான் இந்தக் கார் கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது என்பது என் பதில். மலைநாட்டில் வாழாதவருக்கு இதை விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம்.

சுசுக்கி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஸெட்சீ33எஸ் என்ற மொடல். ஜப்பானில் 2017 செப்டெம்பரில் வெளிவந்தது. 1371 சீசீ டர்போ எஞ்சின், 5500 சுற்றில் 140 குதிரைவலு, ஆறு கியர் மெனுவலில் எடை வெறும் 970 கிலோ. என்னிடம் இருப்பது 2018ஆம் வருடத்துக் கார். வெளியில் இருந்து பார்த்தால் ஊரில் ஓடும் மற்ற ஸ்விஃப்ட்களோடு கலந்துவிடும். பின்னால் இரண்டு சைலன்சர் வாய்களும் கொஞ்சம் அகன்ற முன் பம்பரும்தான் வித்தியாசம். அதனால் பலர் இதை ஸ்விஃப்ட் ஆர்எஸ் என்றே நினைக்கிறார்கள். ஆர்எஸ் இங்கே நிறைய வந்த கார், நல்ல கார்தான். ஆனால் இரண்டுக்கும் எஞ்சின் வேறு, சஸ்பென்ஷன் வேறு, டயர் மாட்டும் நட்டின் எண்ணிக்கைகூட வேறு.

அந்த வேறுபாட்டில் முக்கியமானது ஒன்றே ஒன்று. ஆர்எஸ்ஸின் 1.2 எஞ்சின் 118 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையை 4400 சுற்றில் தருகிறது. ஸ்போர்ட்டின் டர்போ எஞ்சின் 230 நியூட்டன் மீற்றரை 2500 சுற்றிலேயே தந்து 3500 வரை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மடங்கு இழுவை, ஏறத்தாழ அரைவாசிச் சுற்றில். குதிரைவலுக் கணக்கைக் கேட்டு இந்தக் காரை எடைபோடுகிறவர்கள் இந்த எண்களைக் கவனிப்பதில்லை. மேட்டில் வண்டியை இழுப்பது இவைதான்.

திகனையில் இருந்து மஹியங்கனைப் பக்கம் போகும் ஏ26 வீதியை எடுத்துக்கொள்வோம். தெல்தெனிய தாண்டும்வரை விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரத்தை ஒட்டிச் சும்மா போகலாம். அதன் பிறகு மெதமஹநுவர வழியாக ஹுன்னஸ்கிரியவுக்கு ஏற்றம் தொடங்குகிறது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் ஆங்கிலேயருக்குத் தப்பி ஒளிந்து, கடைசியில் பிடிபட்ட பக்கம் இது. எட்டுவது கடினம் என்று நம்பித்தான் அவன் அங்கே போனான். இன்று தார் வீதி இருக்கிறது, ஆனால் ஏற்றம் அதேதான். முன்னால் மரக்கறி ஏற்றிய ஒரு லொறி 25இல் ஊர்கிறது. வளைவு முடிந்து நேராகும் துண்டு குறுகியது, எதிரே பஸ் எப்போது வரும் என்று தெரியாது. 660 சீசீ வேகன்ஆரிலோ 1.2 லீற்றர் காரிலோ இந்த இடத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கி, எஞ்சினைக் கத்தவிட்டு, பாதி முந்தியபின் போதாது என்று தெரிந்து திரும்ப உள்ளே ஒதுங்கும் ஆட்களைத் தினமும் பார்க்கிறோம். அந்த ஒதுங்கல்தான் ஆபத்து. ஸ்போர்ட்டில் மூன்றாம் கியரிலேயே, ஊசி இரண்டாயிரத்தை ஒட்டி நிற்கும்போது, கால் கொடுத்தால் கார் போய்விடுகிறது. வேகம் 60ஐத் தாண்டத் தேவையில்லை. முந்தும் நேரம் சுருங்குகிறது, எதிர்ப் பாதையில் நிற்கும் தூரம் சுருங்குகிறது. இதை நான் பாதுகாப்பு வசதி என்றே சொல்வேன், எயார் பேக் போல.

இறக்கமும் அப்படித்தான். உடுதும்பர தாண்டி ஹசலக நோக்கி இறங்கும் பதினெட்டு வளைவில் பிரேக் மணக்க மணக்க நிற்கும் வேன்களைக் காணாத நாளே இல்லை எனலாம். இந்தக் காருக்கு நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். எடையும் குறைவு. இரண்டாம் கியரில் விட்டு எஞ்சினைக் கொண்டு பிடித்து, வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தினால் போதும், பிரேக் களைப்பதில்லை. ஸ்டியரிங் சொன்ன இடத்தில் நிற்கிறது. வளைவுக்குள் கார் சாய்வதும் மிகக் குறைவு. பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்குத் தலைசுற்றுவது இதில் குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேகமாகப் போகத்தான் இறுக்கமான சஸ்பென்ஷன் என்பது பொதுவான எண்ணம். மெதுவாகப் போகும்போதும் மலையில் அது உதவுகிறது.

சிறிய காருக்குள் பெரிய பலத்தை வைப்பது புதிய யோசனை இல்லை. ஐரோப்பாவில் 1976இல் விற்பனைக்கு வந்த கோல்ஃப் ஜீடிஐ அதைப் பிரபலமாக்கியது. நம் தலைமுறைக்கு டொயோட்டா ஸ்டார்லட் ஜீடி டர்போதான் அந்தப் பெயர், 1.3 லீற்றர் எஞ்சினில் 135 குதிரைவலு எடுத்த கார் அது. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. நீண்ட நேர்வீதி இல்லாத ஊரில் பலத்தை அளக்க மேட்டைத் தவிர வேறு தராசு ஏது? திகனையின் தினசரி வீதி அந்தத் தராசுதான்.

இனி நகரத்துக்குள். குண்டசாலை, தென்னேக்கும்புரப் பாலம், பிறகு கண்டி. 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு தலதா மாளிகை முன் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டதால் மொத்தப் போக்குவரத்தும் குளத்தைச் சுற்றித்தான் போகவேண்டியிருக்கிறது. பாடசாலை விடும் நேரத்தில் குளத்தடியில் முதலாம் கியர், நியூட்ரல், முதலாம் கியர் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். பெரஹரா காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெனுவலின் உண்மையான விலை இங்கேதான் தெரிகிறது. கிளட்ச் மிக இலேசானது. அதனால் கால் வலி பெரிதாக இல்லை. கையால் இழுக்கும் பழைய மாதிரி ஹேண்ட் பிரேக் இருப்பதால் மேட்டில் நின்று எடுப்பதும் நிம்மதி. ஆனாலும் வீடு ஒரு கரையிலும் வேலை மறுகரையிலுமாய் தினமும் நகரைக் குறுக்கறுக்கிறவருக்கு நான் ஆறு கியர் ஓட்டோவைத்தான் சொல்வேன். அது சீவீடீ இல்லை, வழக்கமான ஓட்டோ கியர்பொக்ஸ். இழுவை அப்படியே கிடைக்கும். காரின் நீளம் 3890 மில்லிமீற்றர் மட்டுமே என்பதால் பார்க்கிங் கவலை கிடையாது.

பெற்றோல் விஷயத்தில் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை ஓடுகிறது. ஜப்பானின் சாதாரணப் பெற்றோல் ஒக்டேன் 90ஐ ஒட்டியது, நம் 92 அதைவிட மேல், ஆகவே எந்த ஜப்பான் காருக்கும் 92 போதும் என்பார்கள். விட்ஸுக்கும் வேகன்ஆருக்கும் அது சரி. இந்தக் காருக்கு ஜப்பானிலேயே சாதாரணப் பெற்றோல் சொல்லப்படவில்லை, பிரீமியம்தான் சொல்லப்பட்டிருக்கிறது. டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. சிலிண்டருக்குள் அது இன்னும் 9.9 மடங்கு அமுங்குகிறது. ஒக்டேன் குறைந்த பெற்றோல் அந்த அழுத்தத்தில் பிளக் பொறியின் சுடர் வந்து எட்டும் முன்னரே அங்கங்கே தானாகப் பற்றிக்கொள்ளப் பார்க்கும். எஞ்சினின் கணினி அதைக் கேட்டுப் பற்றவைப்பைப் பிந்தவைத்துச் சமாளிக்கும். அப்போது போவது நாம் காசு கொடுத்து வாங்கிய அந்த இழுவைதான். முழுப் பாரத்தோடு நீண்ட மேடு ஏறுவதே இதற்கு மிக மோசமான வேலை, அதுதான் நம் தினசரி வேலையும். ஆகவே 95 மட்டும். அந்த விலை வித்தியாசத்தைத் தாங்க முடியாது என்றால் வேறு கார் பார்ப்பது நல்லது. இதை மனவருத்தம் இல்லாமல் சொல்கிறேன்.

எனக்குக் கிடைப்பது கண்டி போய்வரும் ஓட்டத்தில் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் அளவில். கொழும்புக்கோ மஹியங்கனைக்கோ நிதானமாகப் போனால் 15ஐத் தொடும். ஜப்பான் பரிசோதனைக் கணக்கு 16.4. தாங்கி சிறியது, 37 லீற்றர். 2022 ஜூன் கடைசியில் 92 பெற்றோல் 470 ரூபாவுக்கும் 95 பெற்றோல் 550 ரூபாவுக்கும் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பின் வந்த கியூஆர் முறையில் ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அப்போது இந்தக் கார் என்னிடம் இல்லை. ஆனால் வாங்கும்போது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: 20 லீற்றரில் 220 கிலோமீற்றர், திகனையில் இருந்து ஆறு நாள் கண்டி போய்வர மட்டுமட்டாகப் போதும். நம் நாட்டில் கார் வாங்குகிற எவரும் இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தரையில் இருந்து காரின் அடிப்பகுதி 120 மில்லிமீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. டயர் 195/45ஆர்17, அதாவது ரிம்முக்கும் வீதிக்கும் இடையில் இருக்கும் ரப்பரின் உயரம் 88 மில்லிமீற்றர். இந்த இரண்டு எண்களும் சேர்ந்துதான் நம் தினசரி வாழ்க்கையை முடிவு செய்கின்றன. ஏ26இல் பிரச்சினை ஒன்றும் இல்லை, வீதி நன்றாகவே இருக்கிறது. பக்க வீதிகளில்தான் சங்கடம். திகனையைச் சுற்றி டொலமைட் கல் உடைக்கும் இடங்கள் உண்டு. பாரமான டிப்பர்கள் ஓடும் வீதிகளில் தார் விளிம்பு உடைந்து, மழை பெய்தால் குழியின் ஆழம் தெரியாமல் நீர் நிறைந்து கிடக்கும். அங்கே இந்த டயரோடு மெதுவாக ஊர்வதைத் தவிர வழியில்லை. வெயில் காலத்தில் அந்த வெள்ளைத் தூசிக்காக எயார் ஃபில்டரைச் சேவிஸ் அட்டை சொல்வதற்கு முன்னரே மாற்றிவிடுகிறேன். பாடசாலை முன் வேகத்தடைகளைக் குறுக்காக ஏற வேண்டும். தோட்ட லயன்களுக்குப் போகும் கல் பாதையில் உறவினர் வீடு இருப்பவர்கள், காரைச் சந்தியில் விட்டுவிட்டு நடக்கவோ ஓட்டோ பிடிக்கவோ தயாராக இருக்க வேண்டும்.

ஸ்பெயார் சக்கரமும் கிடையாது. பஞ்சர் ஒட்டும் திரவமும் சின்னக் காற்றுப் பம்பும்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆணி ஏறினால் அது உதவும், குழியில் விழுந்து டயரின் பக்கம் கிழிந்தால் உதவாது. ஹுன்னஸ்கிரியவில் இருந்து திரும்பி மீமுரே பக்கம் போகிறவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும். அந்த வழிக்கு நான் இந்தக் காரை எடுப்பதே இல்லை. ரிம் வாங்கப் போனால் இன்னொன்று தெரிய வரும். சாதாரண ஸ்விஃப்டுக்கு நான்கு நட், ஸ்போர்ட்டுக்கு 114.3 மில்லிமீற்றர் வட்டத்தில் ஐந்து நட். ஸ்விஃப்ட் ரிம் என்று சொல்லிப் பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்தால் வந்து சேரும் சாமான் பொருந்தாது.

வீட்டாரைப் பற்றியும் சொல்லவேண்டும். முன் இருக்கைகள் உடம்பை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிப்பவை. எனக்குப் பிடிக்கும், பருமனானவர்களுக்கு இடுப்பில் அழுத்தும். பின்னால் இரண்டு பேர் வசதியாக, மூன்றாவது ஆள் சின்னப்பிள்ளை என்றால் சரி. டிக்கி ஒரு கிழமைச் சந்தைச் சாமானுக்குக் காணும், குடும்பத்தோடு கதிர்காமம் போகும் பயணத்துக்குக் காணாது. கதவு ஐந்து இருப்பதால் வயதானவர்கள் ஏறி இறங்கலாம், ஆனால் ஆசனம் தாழ்ந்தது. என் அம்மா பின் சீட்டில் இருந்து சொல்வது ஒன்றுதான்: "மகன், குழியப் பார்த்துப் போ, எல்லாம் என் முதுகுலதான் விழுது." அவர் சொல்வது உண்மை. மூட்டுவலி உள்ள பெற்றோரைக் கிழமைதோறும் கிளினிக் கொண்டுபோக வேண்டிய வீட்டுக்கு இது ஒரே காராக இருக்கக் கூடாது.

ரேடியோ சின்ன விஷயம், ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானில் இந்தக் கார் ரேடியோ இல்லாமலே விற்கப்பட்டது. வாங்கியவர் தனக்கு விருப்பமான செட்டைப் போட்டுக்கொள்வார். அந்த ஜப்பான் செட்டில் எப்எம் 76இல் தொடங்கி 95க்குள் முடிந்துவிடும். நம் அலைவரிசைகள் 108 வரை போகின்றன. சூரியனும் சக்தியும் வேண்டும் என்றால் செட்டையே மாற்றுவதுதான் சுத்தமான வேலை.

பழைய கார் வாங்கும் விஷயத்துக்கு வருவோம். இந்த வகைக் காரில் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதைவிட யார் எப்படி ஓட்டினார் என்பது பெரிது. ஜப்பான் ஏல ஷீட்டைக் கேளுங்கள். சேசிஸ் இலக்கம் காரில் இருப்பதோடு பொருந்துகிறதா பாருங்கள். தரம் என்ற கட்டத்தில் ஆர் அல்லது ஆர்ஏ என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய கார். ஆனால் அந்த ஷீட் ஜப்பானில் ஓடிய காலத்துக்கு மட்டுமே சாட்சி. இங்கே ஓடிய வருடங்களுக்குச் சாட்சி வேறு. ஓட்டுநர் இருக்கையின் வலது விளிம்புத் துணி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, நான்கு டயரும் ஒரே வகையா, முன் டயர்களின் உள் விளிம்பு தின்னப்பட்டிருக்கிறதா, முன் பம்பரின் கீழ்ப்பக்கம் எவ்வளவு உரசியிருக்கிறது, இவற்றைப் பார்த்தால் ஓனரின் கை தெரியும். மூன்றாம் கியரில் மெதுவாகப் போய் ஒரே மிதியாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் முடிந்துவிட்டது. மீற்றர் பலகையில் டர்போ அழுத்தத்தையும் எண்ணெய்ச் சூட்டையும் காட்டும் திரை உண்டு. அதை வைத்துக்கொண்டு ஒரு நல்ல ஏற்றம் ஏறிப் பாருங்கள். சமவீதியில் ஓட்டிக் காட்டி விற்க நினைப்பவரிடம் வாங்கவேண்டாம்.

டர்போ எஞ்சினுக்கு எண்ணெய்தான் உயிர். ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை நல்ல சிந்தெடிக் எண்ணெய் மாற்றுகிறேன், பிந்தவிடுவதில்லை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு கராஜ் பாஸ் முதல் நாளே சொன்னது: "தம்பி, மலை ஏறி வந்து உடனே ஓஃப் பண்ணிறாதீங்க. கொஞ்சம் ஓட விட்டு நிப்பாட்டுங்க." சூடான டர்போவுக்குள் எண்ணெய் ஓட்டம் திடீரென்று நின்றால், தங்கிய எண்ணெய் கருகி பேரிங்கில் படியும். வீட்டு வாசல் வரை மேடாக இருக்கும் நம் ஊரில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. இன்னொன்று, இந்த எஞ்சினில் பெற்றோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. வழக்கமான எஞ்சின்களில் பெற்றோலே வால்வைக் கழுவிவிடும். இதில் அது நடக்காததால் வால்வின் பின்புறம் காலப்போக்கில் கரி சேரும். ஓட்டம் கூடிய காரை வாங்கினால் அதைச் சுத்தம் செய்யும் செலவையும் விலைபேசும்போதே மனதில் வைக்கலாம்.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்ற கேள்விக்கு அரைவாசி நல்ல பதில்தான் உண்டு. சாதாரண ஸ்விஃப்டோடு பொதுவான பாகங்கள் தாராளம். ஸ்போர்ட்டுக்கு மட்டுமே உரிய பம்பர், பிரேக் பாகம், ஷொக் எப்சோபர் போன்றவற்றுக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். இந்த நிலை இனி இலேசாகப் போவதில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. பாவித்த கார் என்றால் மூன்று வருடத்துக்கு மேற்படக் கூடாது. சுசுக்கியும் இந்த மொடலை 2025இல் ஒரு கடைசிப் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. 2018 தொடக்கம் தடை வரும்வரை வந்த கார்களே நம் சந்தையில் கைமாறிக் கைமாறிச் சுற்றுகின்றன. புதிதாக வரக்கூடியவை மிகச் சில, அவற்றின் விலையும் வரியும் வேறு உலகம்.

இதனால்தான் மாற்றியமைக்கப்பட்ட காரைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் இருக்கிறது. இளைஞர் கையில் இருந்த பல ஸ்போர்ட்களில் சைலன்சரை மாற்றி, எஞ்சின் கணினியில் அழுத்தத்தைக் கூட்டி, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருப்பார்கள். சத்தம் கூடிய சைலன்சர் பொலிஸுக்கு வேலை, தாழ்த்திய ஸ்பிரிங் நம் வீதிக்கு ஆகாது, கூட்டிய அழுத்தம் 92 பெற்றோலோடு சேர்ந்தால் எஞ்சினுக்கே ஆகாது. காப்புறுதிக்காரரும் கேள்வி கேட்பார். கொஞ்சம் கூடிய விலை என்றாலும் கம்பனி விட்டபடியே இருக்கும் காரைத் தேடுங்கள். அது கிடைக்காமல் மாற்றிய காரைத்தான் எடுக்க வேண்டிவந்தால், கழற்றிய சைலன்சர், ஸ்பிரிங், எயார் பொக்ஸ் எல்லாவற்றையும் காரோடு தரச் சொல்லுங்கள். "வீட்டுல எங்கயோ கிடக்கு, பிறகு தாறேன்" என்றால், அவற்றை எடுத்து வந்து டிக்கியில் வைத்த பிறகு முற்பணத்தைக் கொடுங்கள்.